தொப்பியும் ‘நீ’யும்



வகுப்பில் முன்னிலை இடப்பெயரைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர் யாராவது என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “சேர், ஆங்கிலேயர் எல்லோரையும் ‘யூ’ என்கிறார்களே, அவர்களுக்கு மரியாதை தெரியாதா?”

நமக்கோ நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உள. ஒருவரைக் கண்டு வாய் திறக்குமுன்னே, அவரை எந்தப் படியில் நிறுத்துவது என்று மனம் கணக்குப் பார்த்துவிடுகிறது. ஆங்கிலேயரிடமும் ஒரு காலத்தில் இந்தக் கணக்கு இருந்தது. அதை மறுத்தவர்கள் அடியும் பட்டார்கள், சிறையும் சென்றார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ‘தௌ’ ஒருமைக்கும் ‘யூ’ பன்மைக்கும் உரியனவாக இருந்தன. 13ஆம் நூற்றாண்டளவில், பிரெஞ்சு மொழியின் செல்வாக்கால், பெரியவர் ஒருவரையே பன்மையால் அழைக்கும் வழக்கம் புகுந்தது. பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் நெருங்கியோருக்கும் ‘தௌ’ உரியதாயிற்று. கடவுளுக்கும் அதுவே. நாம் இறைவனை ‘நீ’ என்று பாடுவது போலத்தான்.

17ஆம் நூற்றாண்டில், பெரியவரைக் கண்டால் தொப்பியைக் கழற்றி, ‘யூ’ என்று விளிப்பதே முறையான முகமன். ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரும் அவர் வழிவந்த குவேக்கர்களும் இதற்கு உடன்படவில்லை. தொப்பியைக் கழற்றுவது தொழுகையில் இறைவனுக்கே உரியது, மனிதரோ யாவரும் சமம் என்றார்கள். நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். ஒருமை பன்மையை விளக்க 1660இல் பொக்ஸும் நண்பர்களும் ஒரு நூலையே வெளியிட்டார்கள். இலக்கணம் போராட்டமான விந்தை இது!

பின்னாளில் கண்ணிழந்த கவிஞர் மில்ரனுக்கு நூல்களை வாசித்துக் காட்டிய தொமஸ் எல்வுட், தந்தை முன் தொப்பியோடு நின்றதற்காக அவரிடமே அடிபட்டார். 1670இல் இலண்டன் நீதிமன்றத்தில் வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகிய இருவரின் தொப்பிகளையும் காவலர் முதலில் கழற்றிவிட்டனர். மன்றமோ அவற்றை மீண்டும் அணிவிக்கச் செய்து, பின் அணிந்திருந்த குற்றத்துக்காகவே தலா 40 மார்க் தண்டம் விதித்தது.

வரலாறு பொக்ஸ் காட்டிய வழியிற் செல்லவில்லை. அவர் எல்லோரையும் ‘நீ’ என்னும் ஒரே படிக்கு இறக்க விரும்பினார். ஆங்கிலச் சமூகமோ எல்லோரையும் ‘நீங்கள்’ என்னும் படிக்கு ஏற்றியது. பொதுப்பேச்சிலிருந்து ‘தௌ’ மெல்ல மறைந்தது. ஆகவே மாணவர்க்கு நான் சொல்லும் விடை இதுதான்: ‘யூ’ என்பது பிறப்பால் ‘நீ’ அன்று, ‘நீங்கள்’.

அதனால் ஏற்றத்தாழ்வு அங்கே ஒழிந்துவிட்டது என்று கூறேன். அது ‘சேர்’, ‘மெடம்’ என்ற சொற்களிலும், இளையவரையே மூத்தவருக்கு முதலில் அறிமுகஞ் செய்யவேண்டும் என்ற நியதியிலும் குடிபுகுந்தது. ஆயினும், அன்றாடம் வாயில் வரும் முன்னிலைச் சொல் எல்லோர்க்கும் ஒன்றாயிற்று.

நம்மிடையே, நரைத்த தலையோடு வேலிக்கு வெளியே நின்ற தொழிலாளியைப் பத்து வயதுச் சிறுவன் ‘நீ’ என்று அழைத்த காலத்தை நாம் அறிவோம். அச்சிறுவனுக்கு ‘நீங்கள்’ என்ற சொல் தெரியாமலில்லை. யாருக்குச் சொல்வது என்பதைத்தான் வீடு அவனுக்குத் தவறாகக் கற்பித்திருந்தது. முன்னிலை இடப்பெயரை இலக்கணமாக மட்டும் கற்பித்துவிட்டு வகுப்பை விட்டு வெளியேற என்னால் முடிவதில்லை.