கிள்ளான் போர் (1867–1874)

சிலாங்கூர் உள்நாட்டுப் போர் என்றும் வழங்கும் கிள்ளான் போரின் வேர் ஈய வரி. உள்நாட்டுச் சுரங்கங்களின் ஈயம் கிள்ளான் ஆற்று வழியேதான் கடலுக்கு வரவேண்டும். முகத்துவாரக் கோட்டை யாரிடமோ அவரிடமே வரி. 1867-இல் அரச குடும்பத்து ராஜா மஹ்டி அக்கோட்டையை, கிள்ளானை நிர்வகித்த ராஜா அப்துல்லாவிடமிருந்து பறித்தார்.

அடுத்த ஆண்டு சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமது, தம் மருமகனான கெடா இளவரசர் துங்கு குடினைப் பிரதிநிதியாக்கினார். சுல்தானின் மகன்களுக்கு இது பிடிக்கவில்லை. வெளியூர் மாப்பிள்ளைக்கு உள்ளூர் ஆதரவு சொற்பம். ஆகவே குடின் கெடாவிலிருந்து ஆள் அழைத்தார், சிங்கப்பூரில் கடன் வாங்கினார், சிப்பாய்களையும் ஐரோப்பிய அதிகாரிகளையும் கூலிக்கு அமர்த்தினார்.

அணிகள் நிலைக்கவில்லை. கோலாலம்பூர்ச் சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய்க்கு 1869-இல் பதவிப் பட்டம் சூட்டியவரே ராஜா மஹ்டி. 1870-இல் கிள்ளான் குடின் கைக்குப் போனதும் யாப் குடின் பக்கம் சேர்ந்தார். முகத்துவாரம் இல்லாமல் அவருக்கு ஈய வியாபாரம் ஏது? அவருடைய எதிரி சோங் சோங் மறுமுகாமுக்குப் போனார். குடின் தரப்பில் இருந்த சையத் மஷோர், சுல்தானின் மகன் ஒருவர் தம் சகோதரரைக் கொன்றதாகக் கேள்விப்பட்டு மஹ்டியுடன் கைகோத்தார்.

கூலிக்கு வந்த அதிகாரிகளின் கதி பரிதாபமானது. 1872-இல் டச்சுக்காரர் வான் ஹாகனும் இத்தாலியர் கவலியேரியும் கோலாலம்பூரின் புக்கிட் நானாஸ் குன்றில் முற்றுகைக்குள் சிக்கினர். தப்பி வெளியேறிய படை வழி தவறி, பெட்டாலிங் அருகே பிடிபட்டது, இருவரும் கொல்லப்பட்டனர். கோலாலம்பூர் வீழ்ந்தது, யாப் கிள்ளானுக்கு ஓடினார். காடறியாதவர்களிடம் காட்டுப் போரை ஒப்படைத்தது குடினின் பெரும் பிழை.

போரைத் திருப்பியது பகாங். பிரிட்டிஷ் ஆளுநர் ஹாரி ஆர்டின் ஊக்கத்தோடு பகாங் ஆட்சியாளர் பெண்டஹாரா அகமது அனுப்பிய படை, 1873 மார்ச்சில் கோலாலம்பூரை மீட்க உதவியது; அதே ஆண்டு இறுதியில் கோலசிலாங்கூரும் விழுந்தது.

வென்றவர் குடின், ஆனால் பலன் வேறிடம் போனது. அவருக்குப் பணம் தந்து ஆலோசனையும் சொன்ன சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன், 1875-இல் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆனார். 1882-இல் அப்பதவிக்கு வந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹாம், மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்ட கோலாலம்பூரைச் செங்கல்லில் கட்டச் செய்தார். அதற்கான சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். அங்கிருந்து ரயிலேறிக் கிள்ளானில் இறங்குவோர், ராஜா அப்துல்லாவின் 1857-ஆம் ஆண்டுக் கிடங்கையும் ராஜா மஹ்டி கோட்டை வாயிலையும் இன்றும் பார்க்கலாம்.