லினக்ஸ் மிரர்கள்: தூரம், நம்பிக்கை, நேரம்

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய இயங்குதளக் கெர்னலின் 0.01 பதிப்பை, பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஃபூநெட் எஃப்டிபி சர்வரில் ஆரி லெம்கே ஏற்றிவைத்தார். அந்த அடைவுக்கு ‘லினக்ஸ்’ என்று பெயரிட்டவரும் அவரே. அட்லாண்டிக் கடந்த இணைப்பு அன்று மிக மெதுவானது. அதனால் தியடோர் சோ, எம்.ஐ.டி.யின் டிஎஸ்எக்ஸ்-11 என்ற கணினியில் ஒரு பிரதியை வைத்தார். வட அமெரிக்காவின் முதல் லினக்ஸ் மிரர் இப்படித்தான் பிறந்தது.

மிரர் என்றால் பேண்ட்வித் மிச்சம் என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் களஞ்சிய வளர்ச்சியை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்க்கும்போது, தூரம் ஓரளவு எளிதில் தீர்ந்துவிட்டதையும் நம்பிக்கையும் நேரமும்தான் நெடுங்காலம் இழுத்தடித்ததையும் காண்கிறேன்.

தொடக்கத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் லீ மெக்லாஃப்லின் பெர்லில் எழுதிய ‘மிரர்’ நிரல் பரவலாகப் பயன்பட்டது. கோப்புகளின் அளவையும் தேதியையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் அது இறக்கியது. 1996இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க்கை வெளியிட்டனர். ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும் அதன் வழிமுறை புகழ்பெற்றது. ஆனால் மிரர்களுக்கு அந்தப் புகழ்பெற்ற பகுதி பெரிதாக உதவவில்லை என்பது என் கணிப்பு. மென்பொருள் பொதிகள் சுருக்கப்பட்டவை, மூலத்தில் சிறு மாற்றம் நேர்ந்தாலும் சுருக்கிய கோப்பு பெரும்பாலும் மாறிவிடும். மேலும் புதிய பதிப்பு புதிய பெயரில்தான் வரும். பெரிய அடைவு மரங்களை விரைவாக ஒப்பிட்டதும், பழையனவற்றைக் கடைசியில் நீக்க வழிவிட்டதுமே மிரர் நடத்தியவர்களுக்குக் கிடைத்த உண்மையான பலன்.

ஆர்சிங்க்குக்கும் ஒரு குறை இருந்தது: இடம் மாறிய கோப்பை அது புதிய கோப்பாகவே கருதும். டெபியனில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி அடைவு இருந்ததால், ஒரு பொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தாலே உலகெங்கும் உள்ள மிரர்கள் அதை மீண்டும் இறக்க நேர்ந்தது. 2000 டிசம்பரில் எல்லாப் பொதிகளும் ‘பூல்’ என்ற ஒரே குவியலுக்கு வந்தன. எந்தப் பொதி எந்த வெளியீட்டுக்கு உரியது என்பதைப் பட்டியல் கோப்புகள் மட்டும் சொல்லின.

அந்தப் பட்டியலுக்கு யார் பொறுப்பு? பொதிகளை இறக்கி நிறுவும் ஏப்ட் கருவி 1999இல் டெபியன் 2.1உடன் வந்தபோது, மிரர் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டது. 2003 நவம்பரில் டெபியனின் சில சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்தது, களஞ்சியம் பாதிக்கப்படவில்லை. ஆனாலும் பொதிகளின் நம்பகத்தை உறுதிசெய்யும் தேவையை அது எல்லோருக்கும் உணர்த்தியது. 2007 ஏப்ரலில் டெபியன் 4.0 வெளிவந்தபோது கையொப்பச் சங்கிலி வழக்கத்துக்கு வந்திருந்தது. கையொப்பமிட்ட ‘ரிலீஸ்’ கோப்பு பட்டியலுக்குச் சான்று. பட்டியலில் உள்ள சரிபார்ப்புத் தொகை பொதிக்குச் சான்று. கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் கிடக்கும் பழைய கணினிகூட இதன்பின் மிரராக இருக்கலாம். அதை நடத்துபவரை நம்பவேண்டிய அவசியம் போயிற்று. உள்ளூர் மிரரின் வரலாற்றில் இதையே பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

உள்ளூர் மிரர் அமைக்க உதவும் டெப்மிரர் போன்ற கருவிகள் வேண்டிய வெளியீட்டையும் வன்பொருள் வகையையும் மட்டும் பிரதியெடுக்கும். அப்படியும் வட்டில் பல நூறு கிகாபைட் இடம் பிடிக்கலாம். சிறு பிணையத்துக்கு ஏப்ட்-கேச்சர்-என்ஜி போதும்: முதல் கணினி கேட்ட பொதியை அது சேமித்து வைத்து மற்றவற்றுக்குத் தரும். 40 கணினிகள் ஒவ்வொன்றும் அதே 200 மெகாபைட்டை இறக்கினால் 8 கிகாபைட் ஆகும். கேச் இருந்தால் வெளியிலிருந்து வருவது 200 மெகாபைட் மட்டுமே.

கையொப்பத்தாலும் தீராத ஒன்று இருந்தது. 2008இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் கேப்போஸும் உடன் ஆய்வாளர்களும், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் மிரர் தொடங்கி, பிரபல டிஸ்ட்ரோக்களின் மிரர் பட்டியல்களில் இடம்பிடித்தனர். பொதியைத் திருத்தாமலே தீங்கு செய்ய முடியும் என்று அவர்கள் விளக்கினர். பழைய, முறையாகக் கையொப்பமிட்ட பட்டியலையே தொடர்ந்து கொடுத்தால் போதும். ஓட்டையுள்ள பதிப்பிலேயே கணினி நின்றுவிடும், ஏப்டும் குறை சொல்லாது. பின்னாளில் டெபியன் தன் பாதுகாப்புக் களஞ்சியத்தின் ‘ரிலீஸ்’ கோப்பில் காலாவதி நாளைச் சேர்த்தது. பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பொது மிரர்களில் வைக்க வேண்டாம் என்று டெபியன் நெடுநாள் சொல்லிவந்ததும் தாமதத்தை அஞ்சியே.

நேரத்தின் சிக்கல் சில நொடிகளிலும் எழும். களஞ்சியம் ஒரு நாளில் நான்கு முறை மாறுகிறது. மிரர் பாதி புதுப்பித்திருக்கும்போது ஒரு கணினி வந்து கேட்டால், ‘ரிலீஸ்’ கோப்பு புதிதாகவும் பட்டியல் பழையதாகவும் கிடைக்கும், சரிபார்ப்பு தோற்கும். அதனால்தான் அதிகாரபூர்வ மிரர் நிரல் முதலில் பூலையும், அடுத்துப் பட்டியல்களையும் எடுத்துவிட்டு, பழைய கோப்புகளை இறுதியில்தான் அழிக்கிறது. 2016இல் ஏப்ட் 1.2, பட்டியல் கோப்புகளை அவற்றின் சரிபார்ப்புத் தொகையையே பெயராகக் கொண்டு கேட்கத் தொடங்கியது. பழைய பட்டியலும் புதியதும் சிறிது காலம் அருகருகே இருக்கும். எந்த ‘ரிலீஸ்’ கோப்பைப் பெற்றதோ, அதற்குரிய பட்டியலையே கணினி எடுத்துக்கொள்ளும்.