கோட்டையின் கணக்கு

யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதுவோர் அதன் ஐங்கோண வடிவையும் மதில்களின் கனத்தையும் வியந்து எழுதுவதே வழக்கம். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களாகிய நாமும் அதனையே சொல்லிவைக்கிறோம். அந்த மதிலுக்குச் செலவு கொடுத்தவர் யார், அச்செலவு யாரைக் காத்தது என்னும் வினாக்களை நாம் எழுப்புவதில்லை.

போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1680 அளவில் பழையதை அகற்றிப் புதியதைக் கட்டத் தலைப்பட்டனர். செலாந்து, கெல்டர்லாந்து, உத்திரெக்ட், ஒல்லாந்து, பிரீஸ்லாந்து எனத் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களை ஐந்து கொத்தளங்களுக்கும் சூட்டினர். பெயர்கள் அவர்களுடையவை, முருகைக்கல்லோ நம்முடையது. உழைப்பும் நம்மவருடையதே. ஊழியம் என்ற பெயரால், அதற்கெனக் குறிக்கப்பட்ட சாதியினர் ஆண்டுக்குப் 12 நாள் கூலியின்றி வேலை செய்யக் கடமைப்பட்டிருந்தனர். வராதவர் தண்டப்பணம் கட்டவேண்டும். இதற்குமேல் நிலவரி, தலைவரி. இவற்றோடு அதிகாரி வரி என்று ஒன்றும் இருந்தது. அதிகாரிமாரின் பராமரிப்புக்கென்றே தோன்றிய வரி அது. பாலையும் கொடுத்து, கறப்பவனுக்குக் கூலியையும் மாடே கொடுத்த கதைதான்! ஊர்ப் பதவிகளோ பெரும்பாலும் நிலவுடைமை வேளாளர் கையில் இருந்தன. சுமை எத்திசையில் இறங்கியிருக்கும் என்பதை யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

படைச் செலவு என்பது பீரங்கிக்கும் வெடிமருந்துக்கும் ஆகும் செலவு மட்டுமன்று. துப்பாக்கி ஏந்தும் சிப்பாய்க்குப் பின்னால் எழுத்தரும் களஞ்சியக்காரரும் கணக்கரும் வேண்டும். அவர்களை மேற்பார்க்க மேலதிகாரிகள் வேண்டும். கோட்டைக்குள் 1706 இல் தேவாலயமும் எழுந்தது. கம்பெனி ஊழியரின் சம்பளம் குறைவு. ஆகவே அவர்கள் கள்ள வணிகத்திலே தம் குறையைத் தீர்த்துக்கொண்டனர். இலங்கையிற் கறுவா தந்த இலாபத்தைக் கோட்டைகளும் காவற்படைகளும் விழுங்க, 18 ஆம் நூற்றாண்டில் கம்பெனியின் இலங்கைக் கணக்கு பலமுறை நட்டத்திலேயே முடிந்தது.

இதைப் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. போர் 2009 இல் முடிந்தது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசு கைவிரித்தது. அதன் பின்னரே, 2023 ஜனவரியில், 200,783 ஆக இருந்த தரைப்படையின் தொகையை 2030 அளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கும் அறிவிப்பு வெளிவந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் எதிரியில்லாப் படைக்குச் சோறும் உடையும் சம்பளமும் அளந்தவர்கள், மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்களே.

ஒல்லாந்தரும் நட்டக் கணக்கைக் கண்டு கையை மடக்கவில்லை. அகழிக்கு அப்பால் வெளியரண்களைக் கட்டினர். அவ்வேலை 1792 இல் நிறைவெய்தியது. 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தைக் கைக்கொண்டன. அந்நாட்டின் தலைவர் இங்கிலாந்துக்கு ஓடி, குடியேற்றங்களின் கோட்டைகளை ஆங்கிலேயருக்குத் திறந்துவிடுமாறு ஓலை எழுதினார். திருகோணமலை ஆகஸ்டில் வீழ்ந்தது. செப்டெம்பர் 28 இல் ஆங்கிலப் படை யாழ்ப்பாணக் கோட்டைக்குள் புகுந்தது. சண்டை நடக்கவில்லை. வெளியரண்களின் சுண்ணாம்பு அப்போது மூன்று மாரிகளைத்தான் கண்டிருந்தது.