கிரீஸ் தடவலாமா, கூடாதா? - ஒரு சீட் பில்லரின் முன்கதை

ரொம்ப நாளா சைக்கிள் பத்தி எழுதலையேன்னு குறைபட்டுக்கிட்ட நண்பர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கதை இப்படி ஆரம்பிச்சது. கூட வேலை பார்க்கிற நண்பன் புது சைக்கிள் வாங்கினதும், தன்னோட பழைய கார்பன் ஃப்ரேம் சைக்கிளை எனக்குத் தள்ளிவிட்டான். அவன் ஆறடி. நான் அவன் தோளுக்கு வருவேன். சீட்டை ரெண்டு இஞ்ச் இறக்கினாத்தான் கால் எட்டும். போல்ட்டைக் கழட்டியாச்சு, ஆனா சீட் பில்லர் அசைய மாட்டேங்குது. (கம்பெனிப் புத்தகத்துல சீட் போஸ்ட்னு போட்டிருப்பாங்க. நமக்கு எப்பவும் பில்லர்தான்.) திருகினேன், தட்டினேன், தொங்கினேன். ம்ஹூம்.

நம்ம தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்கிட்ட தள்ளிக்கிட்டுப் போனேன். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரு தம்பி இதை கிரீஸ் போடாம சொருகினது?"

நண்பனுக்கு போன் போட்டா அவன் சொல்றான்: "மச்சி, கார்பன் ஃப்ரேமுக்கு கிரீஸே போடக்கூடாதுடா. எங்க வேணா கேட்டுப் பாரு."

ரெண்டு பேருமே விஷயம் தெரிஞ்சவங்க. ரெண்டு பேரும் நேர் எதிராப் பேசறாங்க. வேடிக்கை என்னன்னா, ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அது எப்படின்னு புரியணும்னா, சைக்கிளே பிறக்காத காலத்துக்குப் போகணும். ஒரு கப்பலுக்கு.

1761. பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு தீராத தலைவலி. மரக்கப்பலோட அடிப்பாகத்தைக் கடல்புழு துளைச்சுத் தின்னுடும். பாசியும் சிப்பியும் ஒட்டிக்கிட்டு வேகத்தைக் குறைக்கும். இதுக்கு வைத்தியமா 'அலார்ம்' என்கிற 32 பீரங்கிக் கப்பலின் அடியில செம்புத் தகடு அடிச்சாங்க. தகடு செம்பு, அடிச்ச ஆணி இரும்பு. கப்பல் மேற்கிந்தியத் தீவுப்பக்கம் போயிட்டு வந்தது. 1763ல் கழட்டிப் பார்த்தா, புழு தொடவே இல்லை. செம்பு ஜெயிச்சிடுச்சு. ஆனா ஆணிகளைக் காணோம்! துருப்பிடிச்சுக் கூழாயிருந்தது. பல இடத்துல தகடே கழண்டு போயிருந்தது.

இதுல ஒரு ஆச்சரியம். சில ஆணிகள் மட்டும் புதுசு மாதிரி இருந்தன. உத்துப் பார்த்தா, அந்த இடங்கள்ல ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவில பழுப்புக் காகிதம் மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. அவ்வளவுதான். ஒரு துண்டுக் காகிதம் இரும்பைக் காப்பாத்தியிருக்கு.

ஏன்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. தவளைக் காலில் ரெண்டு உலோகத்தைத் தொட வச்சு அது துடிக்கிறதை கால்வானி எழுதி வெளியிட்டது 1791ல். அந்தத் துடிப்புக்குக் காரணம் தவளை இல்லை, ரெண்டு வேற உலோகமும் நடுவில இருக்கிற ஈரமும்தான்னு வாதாடி, 1800ல் வோல்ட்டா முதல் மின்கலத்தைச் செய்தார். அதாவது, காரணம் தெரியறதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே மருந்து கையில கிடைச்சாச்சு. கடற்படையும் 1780களில் இரும்பு ஆணியை விட்டுட்டு செம்புக் கலவை ஆணிக்கு மாறிடுச்சு.

விஷயம் இதுதான். ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணையொண்ணு தொடணும், நடுவில உப்புத்தண்ணி இருக்கணும். உடனே அது ஒரு குட்டி பேட்டரி. அதுல 'இளைச்ச' உலோகம் கரையும், 'உசந்த' உலோகம் அப்படியே இருக்கும். செம்புக்கும் இரும்புக்கும் நடுவில இரும்பு இளைச்சது. இதைத் தடுக்க சுலபமான வழி, ரெண்டும் தொடாம பார்த்துக்கறது, இல்லைன்னா ஈரம் போகாம அடைக்கிறது.

தெரிஞ்சும் கோட்டை விட்டவங்க உண்டு. 1886ல் நியூயார்க்கில் திறந்த சுதந்திரதேவி சிலையைப் பாருங்க. வெளியே செம்புத்தோல், உள்ளே இரும்புச் சட்டம். சட்டத்தை வடிவமைச்சவர் ஈஃபில். ரெண்டும் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சே, நடுவில அரக்கில் நனைச்ச கல்நார்த் துணி வச்சாங்க. கடல்காத்துல வருஷக்கணக்கா ஊறி அந்தத் துணி வீணாப்போச்சு, இரும்பு அரிச்சுப்போச்சு. நூறாவது வருஷத்துக்காக 1984ல் இருந்து 1986 வரை நடந்த மராமத்துல இரும்பு விலாக்களை எடுத்துட்டு துருப்பிடிக்காத எஃகு போட்டு, நடுவில டெஃப்ளான் வச்சாங்க. நடுவில வைக்கிறது நிரந்தரமில்லை, அப்பப்போ பார்க்கணும்கிறது இதுல இருக்கிற பாடம்.

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

நம்ம கடை அண்ணன் கத்துக்கிட்டது எஃகு சைக்கிள் காலம். ஃப்ரேமும் எஃகு, பில்லரும் எஃகு. தண்ணி இறங்கினா துரு. துருவுக்கு மருந்து கிரீஸ். பின்னாடி பந்தய சைக்கிள்களில் எடை குறைக்கிறதுக்காக அலுமினிய பில்லர் வந்தது. எஃகு ஃப்ரேமுக்குள்ள அலுமினியம்னா, நம்ம அலார்ம் கப்பல் கதைதான். இங்கே இளைச்சது அலுமினியம். அது அரிச்சா வர்ற வெள்ளைப்பொடி மூல உலோகத்தைவிட அதிக இடம் எடுத்துக்கும். குழாய்க்குள்ள ஏது இடம்? அப்படியே இறுகி ஆப்பு அடிச்ச மாதிரி ஆயிடும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் கடையில் இருந்தபடியே உலகத்துக்கெல்லாம் சைக்கிள் பாடம் நடத்தின ஷெல்டன் பிரவுன் (2008ல் காலமானார்), மாட்டிக்கிட்ட பில்லரை எடுக்கிறதுக்குன்னே ஒரு பெரிய பட்டியல் எழுதி வச்சிருந்தார்னா, எத்தனை பேர் அழுதிருப்பாங்கன்னு பார்த்துக்குங்க. ஆக, 'சொருகறதுக்கு முன்னாடி கிரீஸ்' என்கிற விதி அனுபவத்துல வந்த விதி.

அப்புறம் வந்தது கார்பன். 1958ல் அமெரிக்காவில் ரோஜர் பேக்கன் உறுதியான கார்பன் இழைகளைச் செய்து காட்டினார். 1960களில் ஜப்பானிலும் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலும் அதை வேலைக்கு ஆகிற பொருளா மாத்தினாங்க. 1970களின் நடுவில், நம்புங்க, எண்ணெய்க் கம்பெனியான எக்ஸான் 'கிராஃப்டெக்' என்று ஒரு கார்பன் சைக்கிள் விட்டது. 1986ல் கிரெக் லெமாண்ட் டூர் டி ஃபிரான்ஸ் ஜெயிச்சது 'லுக்' கம்பெனியோட கார்பன் ஃப்ரேமில். அதே வருஷம் கெஸ்ட்ரல் கம்பெனி மூட்டு உலோகமே இல்லாத முழுக் கார்பன் ஃப்ரேமைக் கொண்டுவந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வாங்கின லோட்டஸ் சைக்கிள் ஞாபகம் இருக்கா? அதுவும் ஒரே அச்சில் வார்த்த கார்பன்தான்.

இதுல லுக் மாதிரி ஆரம்பகால ஃப்ரேம்கள் கார்பன் குழாயை அலுமினிய மூட்டுல பசை போட்டு ஒட்டினவை. கார்பன் பார்க்கத்தான் பிளாஸ்டிக் மாதிரி. உள்ளே இருக்கிற இழை மின்சாரம் கடத்தும். அதுமட்டுமில்ல, 'உசந்த' வரிசையில அது தங்கம், பிளாட்டினம் பக்கத்துல உட்கார்ற ஆளு. கடல்நீரில் கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில ஏறக்குறைய ஒரு வோல்ட் வித்தியாசம் இருக்கு. எஃகோட சேர்றதைவிட கார்பனோட சேர்ந்தா அலுமினியத்துக்கு ஆபத்து அதிகம். அந்தக் காலத்துல பசை விட்டுப்போன ஃப்ரேம்கள் சிலதுக்கு இந்த அரிப்புதான் எமன். விமானக்காரங்க இதுக்காகவே கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில கண்ணாடி இழை ஒரு படலம் வைப்பாங்க. முடிஞ்சா அலுமினியத்தையே விட்டுட்டு டைட்டானியம் போடுவாங்க. பழுப்புக் காகிதம் ஞாபகம் வருதா? :-)

அப்படின்னா கார்பனுக்குத்தானே கிரீஸ் கட்டாயம்? எதுக்குக் கூடாதுன்னு சொல்றாங்க?

ரெண்டு காரணம் சொல்வாங்க. ஒண்ணு, கிரீஸ் கார்பனில் இருக்கிற பிசினை ஊறவச்சுக் கெடுத்துடும் என்பது. இந்தப் பயம் பெரும்பாலும் மிகை. நல்லா இறுகின எபாக்சியை எண்ணெய் சுலபமா ஒண்ணும் செய்யாது. 2011ல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787 விமானம் தன்னோட கார்பன் இறக்கைக்குள்ளேயே எரிபொருளை ஊத்தி வச்சிருக்கு.

ரெண்டாவது காரணம்தான் நிஜம்: வழுக்கல். கிரீஸ் வழுக்கும். பில்லர் மெதுவா கீழே இறங்கும். நாம என்ன பண்ணுவோம்? போல்ட்டை இன்னும் ஒரு திருகு. மறுபடி இறங்கும், இன்னும் ஒரு திருகு. எஃகு இதைத் தாங்கும். கார்பன் இழை நீளவாக்குல இழுத்தா யானை பலம், ஆனா நசுக்கினா தாங்காது. நெளிஞ்சு எச்சரிக்கை கொடுக்கவும் தெரியாது, 'டப்'புனு விரிசல்தான். அதனாலதான் போல்ட் பக்கத்துல 5 நியூட்டன் மீட்டர்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அந்த அளவுல இறுக்கினா வழுக்காம நிக்கணும்.

இந்த இழுபறிக்கு 2000களில் ஒரு தீர்வு கடைக்கு வந்தது. கார்பன் பேஸ்ட். ஜெல் மாதிரி இருக்கும், உள்ளே நறநறன்னு பொடி மணி கலந்திருக்கும். மணி பிடிமானம் கொடுக்கும், அதனால குறைவா இறுக்கினா போதும். ஜெல் இடைவெளியை நிரப்பித் தண்ணியையும் ஓரளவு தடுக்கும்.

ஆக, கேள்வியே தப்பு. 'கிரீஸ் போடலாமா'ன்னு கேட்கக் கூடாது. எதுக்குள்ள எது போகுதுன்னு கேட்கணும்.

எஃகு அல்லது அலுமினிய ஃப்ரேமில் அலுமினிய பில்லர்: கிரீஸ், தாராளமா.
கார்பன் பில்லர், எந்த ஃப்ரேமா இருந்தாலும்: கிரீஸ் வேண்டாம், பேஸ்ட்.
கார்பன் ஃப்ரேமில் அலுமினிய பில்லர்: பேஸ்ட். சில ஃப்ரேமில் உள்ளே அலுமினியக் குழாய் பதிச்சிருப்பாங்க, அங்கே கம்பெனி கிரீஸ் போடச் சொல்லியிருந்தா அதைக் கேளுங்க.
எதுவாயிருந்தாலும்: ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம், மழையில நனைஞ்சா உடனே, உருவித் துடைச்சுத் திரும்பப் போடுங்க.

நண்பன் 'கிரீஸ் கூடாது'ங்கிற பாதியைப் பிடிச்சுக்கிட்டான். 'பதிலுக்கு வேற ஒண்ணு போடணும்'ங்கிற மீதியை விட்டுட்டான். நாலு வருஷ வியர்வையும் மழையும் நேரா உள்ளே இறங்கியிருக்கு. உடம்பு வியர்வையைவிட நல்ல உப்புத்தண்ணி பேட்டரிக்கு வேற எங்க கிடைக்கும்?

என் பில்லர் என்னாச்சுன்னு கேட்கறீங்களா? சூடு காட்டலாமான்னு கேட்டேன். "பிசின் இளகிடும் தம்பி, வேணாம்"னு அண்ணன் தடுத்துட்டார். சூட்டுல அலுமினியம் விரிஞ்சு இன்னும் இறுகும், அதுவும் சரிதான். அதனால குளிர வச்சோம். அலுமினியம் குளிர்ல சுருங்கும், கார்பன் ஏறக்குறைய அப்படியே நிக்கும். கணக்குப் போட்டா 27.2 மில்லிமீட்டர் பில்லர் 30 டிகிரி குளிர்ந்தா 0.02 மில்லிமீட்டர்கூட சுருங்காது. ஆனா அதுவே சில சமயம் போதும். பில்லருக்குள்ள ஐஸ் நிரப்பி, நாள் முழுக்க ஊறவச்சு, ரெண்டு பேர் பிடிச்சுத் திருக, 'க்ரீச்'சுனு ஒரு சத்தத்தோட வந்துடுச்சு. உள்ளே விபூதி கொட்டின மாதிரி வெள்ளைப்பொடி.

நான் குதிச்சேன். அண்ணன் குதிக்கலை. டார்ச் அடிச்சுக் குழாய்க்குள்ள பார்த்துட்டு, பில்லரோட ஒட்டிக்கிட்டு வந்த கறுப்புச் செதிலை என் கையில வச்சார். கார்பன் படலம் ஒண்ணு உரிஞ்சு வந்திருக்கு.

"இதுல ஏறாதீங்க தம்பி. சீட்டுக்கு அடியில உடைஞ்சா, குழாய் எங்க குத்தும்னு யோசிச்சுக்குங்க."

யோசிச்சேன். ஃப்ரேம் இப்போ வீட்டுச் சுவத்துல தொங்குது. நண்பன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "அந்த சைக்கிள்லதான்டா முதல் தடவை நூறு கிலோமீட்டர் போனேன்"னான். புது சைக்கிளையும் அதே மாதிரி எதுவும் தடவாமத்தான் மாட்டி வச்சிருந்தான். அந்த ஞாயித்துக்கிழமையே ரெண்டு பேரும் உட்கார்ந்து அதை உருவினோம். இன்னும் மாட்டலை, நல்லவேளை.

நீங்களும் இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தரம் பில்லரைத் திருகிப் பாருங்க. அசைஞ்சா சந்தோஷம். அசையலைன்னா... இன்னைக்கே ஆரம்பிங்க, நாளைக்கு இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும்.