கார்ப்பரேட்டரைப் பிரித்தவள்

பீட்ரைஸ் ஷில்லிங் 1909 மார்ச் 8 அன்று இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில், ஒரு இறைச்சிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தார். பதினான்கு வயதில் ஒரு டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டுவதில் இருந்த ஆர்வத்துக்குச் சற்றும் குறையாத ஆர்வம், அதன் இன்ஜினை வீட்டில் பிரித்துப் போட்டுத் திரும்பக் கோப்பதில் அவருக்கு இருந்தது. பின்னாளில் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் போர் விமானங்களின் இன்ஜினில் இருந்த ஒரு கோளாறுக்கு அவர் கண்ட தீர்வு, விரல் நுனியில் வைக்கக்கூடிய ஒரு சிறு உலோகத் துண்டு. அந்த வீட்டுக்கும் இந்த உலோகத் துண்டுக்கும் இடையில் என்னென்ன கதவுகள் இருந்தன, அவற்றை யார் திறந்தார்கள் என்று பார்ப்பது பெண்களின் தொழில்நுட்ப வரலாற்றைப் படிப்பவர்களுக்குப் பயன்படும்.

பெண்களுக்கு இயந்திரங்களில் இயல்பாகவே ஆர்வம் இல்லை என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஷில்லிங்கின் வாழ்க்கையைப் படித்தால் வேறொரு கேள்வி முன்னே வருகிறது. இயந்திரத்தைத் திறந்து பார்க்க யாருக்கு அனுமதி கிடைத்தது?

வீட்டில் ஓர் இன்ஜின்

அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் இன்ஜினை வீட்டில் பிரிப்பதற்குப் பெரிய பட்டறை தேவையில்லை. சில ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர், துடைக்கப் பழைய துணி, கழற்றியவற்றை வரிசையாக வைக்க ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் நான்கு-ஸ்ட்ரோக்கில் இருப்பதைப் போன்ற வால்வு அமைப்பு கிடையாது. சிலிண்டர் தலையைக் கழற்றினால் பிஸ்டன் தெரியும். பிஸ்டன் மேலும் புகை வெளியேறும் துவாரத்திலும் கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, தேய்ந்த ரிங்கை மாற்றி, கேஸ்கெட் வைத்துத் திரும்ப மூட வேண்டும்.

அதிகப் பொறுமை கேட்பது கார்ப்பரேட்டர்தான். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது அதன் வேலை. அதில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும். குறிப்பிட்ட மட்டம் வந்ததும் மிதவையோடு இணைந்த ஊசி, பெட்ரோல் வரும் வழியை அடைத்துவிடும். மட்டம் இறங்கினால் வழி திறக்கும். நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் பந்து வால்வு செய்யும் அதே வேலை. கிண்ணத்திலிருந்து பெட்ரோல், ஜெட் எனப்படும் நுண்துளை வழியாக உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது.

நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி இந்த நுண்துளையை அடைத்துவிடும். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் கலவையின் அளவு மாறிவிடும். ஊறவைத்து, காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஊசி தேய்ந்திருந்தால் பெட்ரோல் நிற்காமல் வழியும். எல்லாம் கோத்து வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்க்க வேண்டும். கருகருவென்று புகைக்கரி இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளிறியிருந்தால் காற்று அதிகம். இளம் பழுப்பாக இருந்தால் சரி.

இந்த அறிவு உடல் வலிமையைச் சார்ந்ததல்ல. கவனம், நினைவு, ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கும் பழக்கம் ஆகியவற்றைச் சார்ந்தது. இவையெல்லாம் சமையலறையிலும் தையல் இயந்திரத்திலும் பெண்கள் நாள்தோறும் பயன்படுத்தும் திறன்கள்தான். ஆனால் அங்கே அதற்குக் ‘கைப்பக்குவம்’ என்று பெயர். பட்டறையில் ‘தொழில்நுட்பம்’ என்று பெயர்.

1919: திரும்ப மூடப்பட்ட கதவு

ஷில்லிங் குழந்தையாக இருந்தபோது நடந்த முதல் உலகப் போரில், பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் லட்சக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். கடைசல் பிடித்தார்கள், அளந்தார்கள், பொருத்தினார்கள். போர் முடிந்ததும் 1919இல், போருக்கு முந்தைய நடைமுறைகளை மீட்டெடுக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. வேலைகள் ஆண்களுக்குத் திரும்பின. பெண்களின் கையிலிருந்த கருவிகள் பறிபோயின.

அதே ஆண்டு ஜூன் 23 அன்று, இதை ஏற்க மறுத்த பெண்கள் லண்டனில் பெண் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ரேச்சல் பார்சன்ஸ் அதன் முதல் தலைவர். கரோலின் ஹாஸ்லெட் அதன் செயலாளர். அந்தச் சங்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் மார்கரெட் பார்ட்ரிட்ஜ். டெவன் பகுதியின் கிராமங்களுக்கு மின்விளக்கு கொண்டுவரும் நிறுவனத்தைச் சொந்தமாக நடத்தியவர். பெண்களையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டவர். பள்ளி முடித்த ஷில்லிங் அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். வீடுகளுக்கு ஒயரிங் செய்தார், ஜெனரேட்டர்களைப் பொருத்தினார். பிறகு பார்ட்ரிட்ஜின் ஊக்கத்தோடு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்கச் சென்றார். 1932இல் பட்டம், அடுத்த ஆண்டு இயந்திரப் பொறியியலில் முதுகலை.

ஷில்லிங்கைத் தனித்துப் பிறந்த மேதையாகக் காட்டும் கதைகள் இந்தக் கண்ணியை விட்டுவிடுகின்றன. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு பெண் முதலாளி. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது.

இரவில் பெண் என்ன செய்கிறாள்?

பயிற்சிக் காலத்தில் ஷில்லிங் ஒரு மின் நிலையத்தை இரவில் தனியாக இயக்கிவந்தார். இது சட்டவிரோதம் என்று பிறகுதான் தெரியவந்தது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தொழிற்கூடங்களில் பெண்களை இரவு வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றிருந்தது. உழைப்புச் சுரண்டலிலிருந்து பெண்களைக் காப்பது அதன் நோக்கம். அதே பாதுகாப்பு, தகுதி பெற்ற ஒரு பெண் பொறியாளரின் வேலையையும் பறிக்கக்கூடியதாக இருந்தது. மின்சாரம் இரவில்தானே அதிகம் தேவைப்படுகிறது!

பார்ட்ரிட்ஜும் ஹாஸ்லெட்டும் இதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். 1934இல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. யாருக்காகத் திருத்தப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். உடலுழைப்பில் ஈடுபடாத, பொறுப்பான நிர்வாகப் பதவியில் உள்ள பெண்களுக்கு மட்டுமே விலக்கு. படித்த பெண்ணுக்குக் கதவு திறந்தது. கையில் ஸ்பேனர் பிடிக்கும் தொழிலாளிப் பெண்ணுக்குத் திறக்கவில்லை.

இந்தியாவிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 66ஆம் பிரிவு இதே தடையைக் கொண்டிருந்தது. 2000 டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கூடவே, பெண்களின் பாதுகாப்புக்கும் போக்குவரத்துக்கும் முதலாளிகள் பொறுப்பேற்க வேண்டும் என்று நிபந்தனைகளையும் விதித்தது. பெண்ணை வீட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக வேலையிடத்தைச் சரிசெய்யச் சொல்லும் வழியும் இருக்கிறது என்பதற்கு இது நம் ஊர்ச் சான்று.

நூறு மைல் வேகம்

லண்டனுக்கு அருகே புரூக்லாண்ட்ஸில் 1907இல் திறக்கப்பட்ட கான்கிரீட் பந்தயத் தடம் இருந்தது. அங்கே பந்தயத்தின்போது மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஒரு சுற்றை முடிக்கும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தங்க நட்சத்திரச் சின்னம் வழங்கப்படும். அதைப் பெற்ற பெண்கள் மூவர் மட்டுமே: ஃபுளோரன்ஸ் பிளெங்கிரன், பீட்ரைஸ் ஷில்லிங், தெரசா வாலக். ஷில்லிங் 1934இல், தாமே மெருகேற்றிய 500 சிசி நார்ட்டன் வண்டியில் 106 மைல் வேகத்தில் சுற்றி வந்தார். இன்ஜினைப் பிரிப்பது, கார்ப்பரேட்டரின் ஜெட்டை மாற்றிப் பார்ப்பது, ஓட்டுவது எல்லாம் அவரே.

மற்ற இருவரும் சளைத்தவர்களல்லர். பிளெங்கிரனும் வாலக்கும் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து சைட்காரும் டிரெய்லரும் பூட்டிய 600 சிசி பேந்தர் வண்டியில் புறப்பட்டு, சகாரா பாலைவனத்தைக் கடந்து, வழியில் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து, 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தார்கள். பாலைவனத்தில் மெக்கானிக்கைத் தேட முடியாது. பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகள்தான் அவர்களை ஊர் சேர்த்தன.

ஷில்லிங் 1938இல் ஜார்ஜ் நெய்லர் என்ற பொறியாளரைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் தங்க நட்சத்திரம் வாங்கினால்தான் திருமணம் என்று ஷில்லிங் நிபந்தனை போட்டதாக ஒரு கதை உண்டு. நம் ஊரில் காளையை அடக்கச் சொன்ன கதையைப் போல இதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஆனால் நம் கதையில் பெண் பரிசாகக் காத்திருப்பாள். இங்கே பெண் முதலில் வென்றுவிட்டுக் காத்திருக்கிறாள்.

ஒரு துளை

1936இல் ஷில்லிங் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். போர் தொடங்கியபோது அவர் பொறுப்பில் வந்தது விமான இன்ஜின்களின் கார்ப்பரேட்டர்.

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின் இருந்தது. அதன் கார்ப்பரேட்டரிலும், அளவில் பெரிதானாலும், மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற மிதவைக் கிண்ணம்தான். விமானி திடீரென்று மூக்கைக் கீழே சாய்த்துப் பாயும்போது, மேடான பாலத்தில் வேகமாக ஏறி இறங்கும் பேருந்தில் நம் வயிறு மேலே எழுவதைப் போல, கிண்ணத்திலிருந்த பெட்ரோலும் மேல்புறம் போய் ஒட்டிக்கொள்ளும். ஜெட்டுக்குப் பெட்ரோல் கிடைக்காமல் இன்ஜின் ஒரு கணம் திணறும். அடுத்து அதைவிட மோசம்: தடுமாறிய மிதவை ஊசி வால்வைத் திறந்தபடியே விட, பம்பு முழு வேகத்தில் பெட்ரோலைத் தள்ளும். இன்ஜின் பெட்ரோலில் மூழ்கி, கரும்புகை கக்கி அணையும். நேரடியாக எரிபொருளைச் செலுத்தும் முறை கொண்ட ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை பாய்ந்து தப்பிவிடும்.

ஷில்லிங்கின் தீர்வு, பெட்ரோல் வரும் குழாயில் பொருத்தும் துளையுள்ள ஒரு சிறு தடுப்பு. முதலில் தையல்காரர் விரலில் மாட்டும் அங்குசுத்தான் வடிவில் இருந்தது. பிறகு சாதாரண வாஷராக எளிமையாக்கப்பட்டது. இன்ஜின் முழு வேகத்தில் குடிக்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு துளியும் போகாதபடி துளையின் அளவு கணக்கிடப்பட்டிருந்தது. எனவே மிதவை தடுமாறினாலும் இன்ஜின் மூழ்காது. விமானத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துச் செல்லாமல் அது நிற்கும் இடத்திலேயே பொருத்திவிடலாம். 1941 தொடக்கத்தில் ஷில்லிங் ஒரு சிறு குழுவோடு விமானத் தளம் விமானத் தளமாகச் சென்று பொருத்தினார். 1943இல் புதிய வகைக் கார்ப்பரேட்டர்கள் வரும்வரை அது பயன்பாட்டில் இருந்தது.

1940இன் பிரிட்டன் வான்போரையே அவர் வென்று கொடுத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அந்த வான்போர் முடிந்த பிறகே இந்தத் தடுப்பு வந்தது. பெண்களின் வரலாற்றை எழுத மிகைப்படுத்தல் தேவையில்லை. நடந்ததைச் சரியாகச் சொன்னாலே போதும். போர்தான் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது என்பதில் நாம் மகிழ்ந்துபோகவும் வேண்டாம். 1914இல் திறந்த கதவு 1919இல் எப்படி மூடியது என்று பார்த்தோம்.

பெயர் வைத்தவர்கள்

அந்தத் தடுப்பை விமானப்படையினர் ‘மிஸ் ஷில்லிங்கின் துளை’ என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த ஆபாசமான இரட்டை அர்த்தம் தெரிந்தேதான் அழைத்தார்கள். நன்றியும் நக்கலும் ஒரே வாயிலிருந்து வந்தன. அவர் செய்த வேலை உயிர்களைக் காத்தது என்பதை ஒப்புக்கொண்டபடியே, அதைச் செய்தவரை உடலாகக் குறுக்கியது அந்தப் பெயர். இன்றும் பல நூல்களில் அவர் ஒரு வேடிக்கைத் துணுக்காகவே வருகிறார்.

அவரோ 1969 வரை ஃபார்ன்பரோவில் பணியாற்றினார். ஓய்வுக்கு முன்னும் பின்னும் வீட்டுப் பட்டறையில் கணவரோடு வண்டிகளைப் பிரித்துக் கோத்தார். மோட்டார் சைக்கிள்களை விட்டுக் கார்ப் பந்தயத்துக்கு மாறினார். 1990 நவம்பர் 18 அன்று இறந்தார்.

நம் வீட்டு வாசலில்

1955 முதல் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய புல்லட்டுகள் நம் ஊர் வீடுகளில் இன்றும் உண்டு. தாத்தாவின் வண்டி என்று சொல்லிப் பேரன்கள் அவற்றை மீட்டெடுக்கிறார்கள். விடுமுறை நாளில் வாசலில் இன்ஜின் இறங்கியிருக்கும். கார்ப்பரேட்டர் தட்டில் பிரிந்து கிடக்கும். வீட்டுப் பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் வேலை பெரும்பாலும் டார்ச் பிடிப்பது, பழைய துணி எடுத்து வருவது, டீ கொடுப்பது. தாத்தாவின் வண்டி பேத்திக்கும் தாத்தாவின் வண்டிதான் என்பது யாருக்கும் நினைவு வருவதில்லை.

தமிழ்நாட்டுப் பெண்கள் வண்டி ஓட்டத் தயங்குவதில்லை. 2018இல் வேலைக்குப் போகும் பெண்கள் இருசக்கர வாகனம் வாங்க அரசு 25,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கும் திட்டமே வந்தது. ஓட்டும் உரிமை ஓரளவு கைக்கு வந்துவிட்டது. திறக்கும் உரிமை இன்னும் வரவில்லை. வண்டி நின்றால் மெக்கானிக் கடையில் ஓரமாக நின்று, என்ன பழுது என்று கேட்டால் “உங்களுக்குப் புரியாதும்மா” என்ற பதிலோடு காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஷில்லிங்கின் வரலாற்றிலிருந்து கல்லூரியில் படிக்கும் பெண்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய 106 மைல் வேகத்தை அல்ல. பதினான்கு வயதில் அவர் இன்ஜினைப் பிரித்தபோது யாரும் ஸ்பேனரைப் பிடுங்கவில்லை. பள்ளி முடித்ததும் இன்னொரு பெண் அவரை வேலைக்கு எடுத்தார். சட்டம் குறுக்கே வந்தபோது ஒரு சங்கம் பேசியது. இந்த மூன்றும் தனி மனுஷியின் திறமையால் வருபவை அல்ல. மற்றவர்கள் செய்துதர வேண்டியவை. நம் வீட்டு வாசலில் அடுத்த முறை ஒரு கார்ப்பரேட்டர் பிரிந்து கிடக்கும்போது, டார்ச்சை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அந்த மிதவையைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லி வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.