கைக்குழந்தைக்கு யார் சாட்சி?

கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட் கேட்டு வருபவரிடம் அரசு அறிய விரும்புவது ஒன்றுதான்: இது யார் பிள்ளை, இந்தப் பெயர் இந்தப் பிள்ளைக்கு உரியதுதானா? பதில் சொல்லக் குழந்தைக்கு வாயும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இன்று எடுத்த படத்திலுள்ள முகம் ஆறு மாதத்தில் மாறிவிடும். ஆகவே வேறொருவர்தான் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இதற்காகச் சமூகத்தில் மதிப்புள்ள, உறவினர் அல்லாத ஒருவரின் உறுதிமொழியைக் கேட்கிறார்கள். அவர் குறைந்தது இரண்டு ஆண்டுகளாக அறிந்திருக்க வேண்டியவர் விண்ணப்பிக்கும் பெற்றோர். குழந்தையே பிறந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்காது என்பதால் வேறு வழியும் இல்லை. ஆள் சொல்லிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து கணினிக்கும் ஏறிவந்த முன்னேற்றமாகவே அடையாளத்தின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். சேதராப்பட்டு போன்ற புதுச்சேரிக் கிராமம் ஒன்றில் நின்று பார்த்தால் அந்தக் கதை முழுமையாகப் பொருந்தவில்லை. ஏறக்குறைய 140 ஆண்டுகளாக அங்கே சாட்சி நின்ற இடம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய சொல் இருந்தே தீர்ந்திருக்கிறது.

சேதராப்பட்டு வில்லியனூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவைச் சேர்ந்தது. மயிலம் சாலையில், தமிழ்நாட்டின் வானூர் வட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. இன்று தொழிற்பேட்டையால் அறியப்படும் இந்த ஊர், பிரெஞ்சுக் காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லையில் இருந்தது. எல்லைக்கு அப்பால் தென்னாற்காடு மாவட்டத்தில், பிறப்பைக் கிராம அதிகாரி தம் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். 1886-இல் பிரிட்டிஷ் இந்தியா கொண்டுவந்த பதிவுச் சட்டம், விரும்பியவர் பதியலாம் என்ற அளவில் நின்றது. சென்னை மாகாணம் 1899-இல் தனிச்சட்டம் செய்தது. அங்கே பதிவேட்டின் முதன்மை நோக்கம் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் காலராவில் செத்தார்கள் என்று கணக்கெடுப்பது. எல்லைக்கு இப்பால் பிரெஞ்சிந்தியாவிலோ பதிவேடு ஒரு மனிதரின் சட்டநிலையை உருவாக்கும் ஆவணமாகக் கருதப்பட்டது. 1880 மார்ச் 12-ஆம் நாள் ஆணை பிரெஞ்சிந்தியாவைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்தது. வில்லியனூரும் பாகூரும் அப்போது பிறந்தவையே. அதே ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் ஆணை, அதுவரை தத்தம் சாதி வழக்கப்படி வாழ்ந்த உள்ளூர் மக்களையும் பிரெஞ்சு சிவில் பதிவு முறைக்குள், அதாவது புதுவைக்காரர்கள் ‘எத்தா சிவில்’ என்று சொல்லும் ஏற்பாட்டுக்குள், கொண்டுவந்தது. கொம்யூனும் அதன் பதிவேடும் ஆறு வார இடைவெளியில் வந்த உடன்பிறப்புகள் என்பது தற்செயல் அல்ல. மேர் என்ற கொம்யூன் தலைவர் ஒருவர் இருந்தால்தான் அவருக்கு முன் வந்து சாட்சி சொல்ல முடியும்.

அந்தச் சாட்சி எப்படிப்பட்டது? 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் மூல விதிப்படி, பிறந்த மூன்று நாளுக்குள் பிள்ளையைப் பதிவதிகாரியிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். தந்தை அறிவிப்பார், அவர் இல்லாவிட்டால் மருத்துவரோ, மருத்துவச்சியோ, பிரசவத்தின்போது உடனிருந்தவரோ அறிவிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அங்கேயே ஆவணம் எழுதப்படும். சாட்சிகள் 21 வயது நிறைந்த ஆண்களாக இருக்க வேண்டும், உறவினராகவும் இருக்கலாம். இதிலுள்ள முரண் கவனிக்கத்தக்கது. பிள்ளை எந்த வயிற்றிலிருந்து வந்தது என்பதைக் கண்ணால் கண்டவள் மருத்துவச்சி. அவள் அறிவிக்கலாம், ஆனால் சாட்சியாக நிற்க முடியாது. பிரசவ அறையின் வாசலைக்கூட மிதித்திராத இரண்டு ஆண்கள் சாட்சியாக நிற்கலாம். பிரான்சில் பெண்களுக்கு இத்தகைய ஆவணங்களுக்குச் சாட்சியாகும் உரிமை 1897-இல்தான் கிடைத்தது. ஆக, அந்த இரண்டு பேர் பிறப்புக்குச் சாட்சி சொல்ல வந்தவர்கள் என்று கொள்வது கடினம். இந்த ஆள் எங்கள் ஊர்க்காரர், இவருக்குக் குடும்பம் உண்டு, இவர் பிள்ளை என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அவர்கள் அறிந்தது பெற்றோரை. பிரிட்டிஷ் விண்ணப்பம் இன்று கேட்பதும் அதையே.

பதிவே இல்லாமல் வளர்ந்தவருக்கு அதே சட்டம் வேறொரு கதவைத் திறந்து வைத்திருந்தது. திருமணத்துக்குப் பிறப்புச் சான்று காட்ட முடியாதவர் சமாதான நீதிபதியிடம் போகலாம். ஆணோ பெண்ணோ, உறவோ அயலோ, ஏழு பேர் வந்து அவருடைய பெயர், பெற்றோர், பிறந்த இடம், ஏறத்தாழப் பிறந்த காலம், இவற்றைத் தாங்கள் எப்படி அறிந்தார்கள் என்பது வரை சொன்னால், ஊரறிந்ததை ஒட்டிய ஓர் ஆவணம் எழுதித் தரப்படும். பிறந்த உடனே என்றால் இரண்டு பேர் சொல் போதும். காலம் கடந்தால் ஏழு பேர் சொல் வேண்டும். நினைவு மங்க மங்க எண்ணிக்கையால் அதை ஈடுகட்டும் இந்தக் கணக்கு அறிவுக்கு ஒத்தது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர விரும்பியவர்களுக்கு வழி செய்தபோது இந்தப் பதிவேடுகளின் மதிப்பு இன்னும் கூடியது. துறந்தவர் நிலையான குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த இயக்கத்தின் முன்னோடி பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ ஆனார். பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தப் பெயரைப் பதிவேட்டின் வழியே பெற்றார்கள். சொல்தா எனப்படும் பிரெஞ்சுப் படைவீரராகப் போய் ஓய்வூதியம் வாங்கிய குடும்பங்களுக்கும் பதிவேட்டின் ஒரு வரியே சோறு போட்டது.

சொல்லின் பாரம் முழுதாக வெளிப்பட்டது 1962-இல்தான். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஏறக்குறைய 5,000 பேர் அப்படித் தெரிவித்தார்கள். 18 வயது நிறையாத, மணமாகாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் எழுத்தே முடிவு செய்தது. தந்தை இல்லையென்றால் தாயின் எழுத்து. மடியில் கிடந்த பிள்ளை எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு வளரும் என்பது பெரியவர் ஒருவரின் ஒற்றைத் தாளில் அடங்கியிருந்தது. இன்றும் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் பேரப்பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கேட்கும் குடும்பங்கள் அந்த அறுபதாண்டு பழைய தாளையும், அதற்கும் முந்தைய பிறப்புப் பதிவையும்தான் நம்பியிருக்கின்றன.

எத்தா சிவிலின் ஊர்ச் சாட்சி எப்போது போனார்? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 1973-இன் உள்ளாட்சிச் சட்டங்கள் மேர் இருந்த இடத்தில் நகராட்சியையும் கொம்யூன் பஞ்சாயத்தையும் வைத்தன. ஆனால் ஊர்ச் சாட்சியை உண்மையில் அகற்றியது மருத்துவமனை. மருத்துவமனையில் நடக்கும் பிறப்பை அதன் பொறுப்பாளர் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிறந்த இடத்தில்தான் பதிவு. சேதராப்பட்டுப் பெண்ணுக்கு ஜிப்மர் மருத்துவமனையில் பிரசவமானால் பிள்ளையின் பெயர் ஏறுவது உழவர்கரை நகராட்சியில், வில்லியனூரில் அல்ல. பாஸ்போர்ட் பக்கத்திலும் இதே நகர்வைக் காணலாம். 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த நடைமுறையில், நகல்களுக்குக் கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும், உறுதிமொழிகளுக்கு நோட்டரியின் முத்திரையும் நெடுங்காலம் தேவைப்பட்டன. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் இணைப்புப் படிவங்களை 15-இலிருந்து 9-ஆகக் குறைத்தது. வெள்ளைத்தாளில் பெற்றோர் தரும் உறுதிமொழியே போதும் என்றது. பெற்றோரில் ஒருவர் மட்டும் விண்ணப்பிக்கவும் இடம் தந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த நாளைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025-இல் விதி திருத்தப்பட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழைய சாட்சி முறை அவ்வளவு நல்லதா? பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் கள்ள வாக்குக்கும் அடிதடிக்கும் பேர்போனவை. மேர் பதவி கட்சிக்காரர் கையில் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் சாட்சி கிடைப்பது செல்வாக்கைப் பொறுத்தே அமையும். சேரிக்காரரின் சொல்லும் மிராசுதாரின் சொல்லும் ஒரே எடையில் நின்றிருக்க வாய்ப்பில்லை. பின்னாளில் பச்சை மைக் கையெழுத்தும், முன்பின் பார்த்திராத அதிகாரி முன்பின் பார்த்திராத ஆளுக்குப் போடும் சடங்காகிவிட்டது. இவை எல்லாம் உண்மை. அந்தக் கையெழுத்து ஒழிந்ததில் வருந்த ஏதும் இல்லை. ஆனால் இந்த மறுப்பு காட்டுவது, சாட்சிகளைத் தேர்ந்த முறையிலிருந்த பழுதை. அறிந்தவர் சாட்சி சொல்ல வேண்டும் என்ற கொள்கை அதனால் பழுதாகிவிடாது. கெஜட்டட் அதிகாரியின் முறை தோற்றதற்குக் காரணமே, அறிந்தவரை விட்டுப் பதவியில் இருப்பவரைச் சாட்சியாக வைத்ததுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: கைரேகையும் கருவிழியும் பதியும் காலத்தில் ஆள் சொல் எதற்கு? ஆனால் கைக்குழந்தை விஷயத்தில் இயந்திரமும் கைவிரித்துவிடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தரும் நீல நிற ஆதாரில் கைரேகை எடுப்பதில்லை. தாய் அல்லது தந்தையின் ஆதாரோடு பிள்ளையை இணைக்கிறார்கள். பிள்ளையின் கைரேகை ஐந்து வயதிலும் மறுபடி பதினைந்திலும் பதியப்படும். அதுவரை அந்த எண் நிற்பது பெற்றோர் சொல்லின் மேல்தான். ஆவணமே இல்லாத பெரியவர்களுக்காக ஆதார் விதிகள் ‘அறிமுகம் செய்பவர்’ என்ற ஒருவரை ஏற்படுத்தியதும், அனாதை இல்லப் பிள்ளைக்குச் சான்று இல்லாதபோது இல்லத் தலைவரின் உறுதிமொழியை ஏற்கலாம் என்று 2016-இன் பாஸ்போர்ட் விதிகள் சொன்னதும், பழைய ஏழு சாட்சிகள் வேறு பெயரில் திரும்பி வந்ததன் அடையாளங்கள். கணினி சாட்சியைச் சேமித்து வைக்கும். அதுவே சாட்சி ஆகாது. மருத்துவமனைப் படிவத்தில் தாயின் பெயரைத் தவறாக எழுதிய எழுத்தரின் பிழையையும் அது அப்படியேதான் சேமிக்கும்.

இந்த இடத்தில்தான் இன்றைய முறையின் ஆபத்து இருக்கிறது. முன்பு பதிவு, சாட்சி, அத்தாட்சி என்று பாரம் பல தோள்களில் இருந்தது. இப்போது பிறப்புச் சான்றிதழ் என்ற ஒற்றைத் தாள்மேல் அனைத்தும் ஏற்றப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் பிறந்து, ஒரே ஊரில் நிலையாக வாழும் குடும்பத்துக்கு இதில் வசதிதான். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வெளி மாநிலத்திலிருந்து வந்து, வாடகை அறையில் பிள்ளை பெற்ற குடும்பத்துக்கு அப்படியல்ல. ஓராண்டைத் தவறவிட்டால் மாவட்ட அல்லது உட்கோட்ட நடுவரின் உத்தரவு வேண்டும். அந்த விசாரணையில் அவர்களை அறிந்த அண்டை வீட்டாரின், அங்கன்வாடிப் பணியாளரின், பிரசவம் பார்த்த செவிலியின் சொல்லுக்கு முறையான இடம் தரவேண்டும். சமாதான நீதிபதி முன் ஏழு பேர் நின்ற விதி அதற்கு மோசமான முன்மாதிரி அல்ல. ஆணோ பெண்ணோ என்று அது அன்றே சொல்லியிருக்கிறது. அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது எளிது. 21 நாளுக்குள் பதிவு நடந்துவிட்டதா என்று பாருங்கள். முதல் ஓராண்டுக்குள் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். சான்றிதழில் தாய் தந்தை பெயர்களின் எழுத்து உங்கள் மற்ற ஆவணங்களோடு ஒத்திருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள். பாஸ்போர்ட் கேட்கும் நாளில் உங்கள் பிள்ளைக்காகப் பேசப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.