ஜீப்பின் முன் வீல் ஆட்டம்: நூறு வருசத்துப் பழைய வியாதி

பழைய மஹிந்திரா ஜீப்பை மதுரை–தேனி ரோட்டில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். ஐம்பது வரைக்கும் வண்டி சாதுவாகப் போகும். அறுபதைத் தொடும்போது ஒரு ரயில்வே கேட்டிலோ பாலத்து இணைப்பிலோ முன்சக்கரம் லேசாகத் தட்டினால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமுமாகக் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆட ஆரம்பிக்கும். பானெட், ஹெட்லைட், ஓட்டுறவர் பல்லு எல்லாம் சேர்ந்து ஆடும். வேகத்தை நல்லாக் குறைச்சாத்தான் நிக்கும். ஒர்க்‌ஷாப்பில் 'வாப்ளிங்' என்பார்கள், 'வீல் ஆட்டம்' என்பார்கள். அமெரிக்க ஜீப்காரர்கள் வைத்த பேர் 'டெத் வாபிள்'. பேரிலேயே சாவை வச்சுட்டாய்ங்க.

எங்க பெரியப்பா மகன் ஒருத்தர் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கார். அரசு ஏலத்தில் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்றை எடுத்து, தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் வந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட் பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் ஸ்டியரிங் பாக்ஸையே மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு டேம்பரை மாட்டிவிட்டு, "இனிமே ஆடாதுண்ணே" என்று அனுப்பினார்கள். இரண்டு மாசம் ஆடலை. அப்புறம் ஒரு நாள் ஆண்டிபட்டி கணவாயிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் இறங்கும்போது, பின்னாடி ஆறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, முன்னைவிட மோசமாக ஆடியது. எதிரே பஸ். அண்ணன் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓரங்கட்டினார். பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலை. மதினி அன்னைக்கே "இந்த வண்டியை வித்துத் தொலைங்க" என்று சொல்லிவிட்டார்.

வித்தா வாங்குறவன் பிள்ளைக்கும் அதே கதிதானே? அதனால் இது என்ன எழவு என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால் 1920-களுக்குப் போய் நிற்கிறது!

அந்தக் காலத்துக் கார்களுக்கெல்லாம் முன்பக்கம் ஒரே இரும்பு ஆக்ஸில். இந்தப் பக்கச் சக்கரத்தையும் அந்தப் பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டு பிடித்திருக்கும், நம்ம மாட்டு வண்டி அச்சு மாதிரி. அதுவரை ஒல்லியான, கல்லு மாதிரி காற்றடித்த டயர்கள்தான். 1920-களின் நடுவில் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் தடித்த பலூன் டயர்கள் வந்தன. முன்சக்கரத்துக்கும் பிரேக் வந்தது. கார்களின் வேகமும் கூடியது. எல்லாம் சேர்ந்ததில் முன்சக்கரங்கள் வெறி பிடித்ததுபோல ஆட ஆரம்பித்தன. இதுக்கு அன்றைக்கு வைத்த பேர் 'ஷிம்மி', அப்போது அமெரிக்காவில் பிரபலமாக இருந்த, தோளைக் குலுக்கி ஆடும் ஒரு நடனத்தின் பேர். 1925-ல் ஜார்ஜ் ப்ரூலியே என்ற பிரெஞ்சு இன்ஜினியர் இந்த ஷிம்மியை வைத்தே ஒரு பெரிய கட்டுரை எழுதினார். டயர் ரோட்டைப் பிடிக்கும்போது அது பார்க்கிற திசைக்கும் போகிற திசைக்கும் சின்ன வித்தியாசம் உண்டு என்பதை அதில் எடுத்துச் சொன்னார். இன்றைக்கு வண்டியின் கையாளுதல் பற்றிப் பேசுகிற எல்லாருக்கும் அதுதான் அரிச்சுவடி.

ஆட்டம் எப்படி வருகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சைக்கிள் முன்சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போ இடது கையை மட்டும் மேலே தூக்கிப் பாருங்க. சக்கரம் தூக்கின பக்கம் போகாமல் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். பம்பரத்து குணம் அது. ஒரே ஆக்ஸில் வண்டியில் இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால், தண்டு சாயும், தண்டோடு இரண்டு சக்கரமும் சாயும், சாய்ந்தவுடன் திரும்பும். திரும்பினதும் மறுபடி சாயும். ஸ்டியரிங் மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் இந்த உதைப்பு இரண்டு தடவையோடு அடங்கிவிடும். மூட்டுகளில் இடைவெளி இருந்தால் அடங்காது, வளரும்.

ஏன் அறுபதில்? ஜீப்பின் 16 அங்குல ரிம் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழு சுற்று வரும். பேலன்ஸ் இல்லாத சக்கரம் நொடிக்கு ஏழு தடவை தட்டும். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் எப்படி உயரும்? அதே கதைதான். ஆக்ஸிலும் ஸ்டியரிங்கும் ஆடுகிற தாளமும் அந்தப் பக்கத்தில் இருந்துவிட்டால் முடிஞ்சது சோலி.

கார்க்காரர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள்? ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஒல்லே பயணம் சுகமாக இருக்க முன் ஸ்பிரிங்கை மெத்தென்று ஆக்கப் பார்த்தார். மெத்தென்று ஆக்கினால் ஷிம்மி வந்தது. கடைசியில் ஆக்ஸிலையே தூக்கிப்போட்டார்கள். 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக மேலே கீழே போகிற அமைப்பு வந்தது. சக்கரம் பெரிதாகச் சாயாது, அதனால் பம்பரத்து உதைப்பும் அடங்கிப்போச்சு.

இதற்கு ஆறு வருசம் கழித்துத்தான் ஜீப் பிறக்கிறது. 1940-ல் அமெரிக்க ராணுவம் சின்ன நாலு சக்கர ஓட்ட வண்டி கேட்டது. பாண்டம் கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்து, செப்டம்பரிலேயே முதல் வண்டி தயார். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். முன்சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போக வேண்டும், எளிமையாகவும் அடி தாங்குவதாகவும் இருக்க வேண்டும், மளமளவென்று செய்யவும் முடிய வேண்டும். அதனால் மறுபடியும் ஒரே ஆக்ஸில். இதில் ஒரு வேடிக்கை. வில்லிஸின் தலைமை இன்ஜினியர் பார்னி ரூஸ், ஏற்கெனவே ஸ்டூட்பேக்கர் கார்களுக்குத் தனித்தனி முன்சக்கர அமைப்பு செய்து கொடுத்தவர். போருக்குப் பின் 1946-ல் வில்லிஸ் ஸ்டேஷன் வேகனிலும் அதையே போட்டார். மருந்து தெரிந்த டாக்டர்தான், ஆனால் ஜீப்புக்கு அந்த மருந்து ஒத்துக்காது.

அந்த வண்டிதான் மஹிந்திரா வழியாக நம்மூருக்கு வந்தது. 1945-ல் லூதியானாவில் மஹிந்திரா அண்ட் முகமது என்று இரும்பு வியாபாரமாகத் தொடங்கியது, பிரிவினைக்குப் பிறகு 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்றார்கள். பின்னால் பானெட் உயர்ந்த சி.ஜே.3பி மாடலை இங்கேயே செய்து பல வருசம் ஓட்டினார்கள். 1952 அக்டோபர் 2-ல் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கியதும் பி.டி.ஓ. ஜீப் என்பது கிராமத்தில் அரசாங்கத்தின் மறுபேர் ஆகிப்போனது. போலீஸ், வனத்துறை, பொதுப்பணித்துறை, தேர்தல் பிரச்சாரம்னு எங்கிட்டுப் பார்த்தாலும் ஜீப்.

அந்த வண்டிகள் எந்த ரோட்டில் ஓடின என்பது முக்கியம். கண்மாய்க் கரை, கரிசல் தடம், வைகை மணல். நாற்பதைத் தாண்டவே வழியில்லை. கழித்துக்கட்டி ஏலத்தில் போன ஜீப்புகள் தேனி, போடி, கம்பம் பக்கம் போய் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றின. போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு, அங்கே எவன் அறுபதில் போவான்? மலையில் ஆடாத ஜீப் சமவெளிக்கு இறங்கி நல்ல ரோட்டைப் பார்த்ததும் ஆடுகிறதென்றால் காரணம் இதுதான். ரோடு நல்லா ஆக ஆக, வியாதி வெளியே தெரிந்தது. போதாக்குறைக்கு பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜினை உட்கார வைத்தார்கள். மூக்கு கனத்தது. பின்னாடி ஆள் ஏற்ற ஸ்பிரிங் பட்டை கூட்டினார்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன்னாடி கிங்பின்னின் சாய்வு குறையும். 'கேஸ்டர்' என்கிற அந்தச் சாய்வு வில்லிஸ் கணக்கில் 3 டிகிரி. அதுதான் சக்கரத்தை நேரே இழுத்துப் பிடிப்பது.

இப்போ அண்ணன் வண்டிக்கு வருவோம். போக்குவரத்துக் கழக டெப்போவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் வந்து பார்த்தார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, அந்த டேம்பரைக் கழட்டுங்க. அது இருக்கிற வரைக்கும் எங்கிட்டு நோவுன்னு தெரியாது." எனக்கு அந்த இடத்திலேயே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. டேம்பர் தலைவலி மாத்திரை மாதிரி. வலியைத்தான் அமுக்கும்.

டயரிலிருந்து ஆரம்பித்தார். முன் டயர்களைப் பின்னாடி மாற்றி ஓட்டினோம், ஆட்டம் கொஞ்சம் குறைந்தது, போகலை. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். லொடக் லொடக்கென்று இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். பிரேக் மிதித்ததும் லொடக் போய்விட்டால் வீல் பேரிங் லூஸ். போகலைன்னா கிங்பின் பேரிங். போகலை. ஓசியில் கிடைக்கிற இந்தச் சோதனையை மூன்று ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தரும் செய்யவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கிங்பின் மூடியைத் திறந்தால் உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண் குழம்பு. கண்மாய்த் தண்ணீர் சீல் வழியாகப் போயிருக்கிறது. பேரிங் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. புதுசு போட்டு, மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை மேலும் கீழும் சமமாக எடுத்து, பேரிங்குக்கு ஒரு இறுக்கம் கொடுத்தார். இந்த இறுக்கம்தான் உயிர். டை ராடைக் கழற்றிவிட்டுத் திருப்பினால் சக்கரம் தொளதொளவென்று திரும்பக்கூடாது, பிடிமானத்தோடு திரும்ப வேண்டும். திலகர் திடல் ஞாயிறு சந்தையில் வாங்கிய ஒரு பழைய வில் தராசைக் கொக்கி மாட்டி இழுத்து இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்தார். பிறகு பெல் கிராங்க். பாக்ஸிலிருந்து வரும் ராடு இதைத் திருப்ப, இது இரண்டு டை ராடையும் திருப்பும். எல்லா உதையும் வாங்குகிற மூட்டு. அதன் பின்னும் பேரிங்கும் தேய்ந்து, கைக்கே ஆடியது. புது ஸ்டியரிங் பாக்ஸ் வாங்கின காசில் இதை நாலு தடவை மாற்றியிருக்கலாம்!

ஷாக்கிள் புஷ், யு போல்ட் எல்லாம் முறுக்கி, பின்னாடி கூட்டியிருந்த பட்டையில் ஒன்றை எடுத்து, முன் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு தகடு வைத்து கேஸ்டரைச் சரிசெய்தார். கடைசியாகத்தான் டோ-இன். மூட்டெல்லாம் லூஸாக இருக்கும்போது அலைன்மென்ட் பார்ப்பது, ஆடுற ஏணியில் நின்று சுவருக்கு மட்டம் பார்க்கிற மாதிரி. பேலன்ஸும் செய்து, டேம்பர் இல்லாமலேயே உசிலம்பட்டி ரோட்டில் எழுபது வரை ஓட்டினோம். கேட்டில் தட்டியது, ஒரு குலுக்கு, அம்புட்டுதான்.

ஒல்லே 1934-ல் செய்த வேலை, மஹிந்திராவின் ஜீப் வாரிசான தார் சி.ஆர்.டி.இ.-க்கு 2010-ல் முன்சக்கரத்தில் வந்தது. பட்டை ஸ்பிரிங்கும் ஒரே ஆக்ஸிலுமாக இருக்கும் பழசை ஏலத்தில் எடுக்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் பம்பரையும் அப்புறம் பாருங்கள். முதலில் ஒரு ஜாக்கியையும், பிரேக்கை மிதிக்க ஒரு ஆளையும் கூட்டிக்கிட்டுப் போங்க.